கொழும்பிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?



கொழும்பிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று யாரேனும் வினவினால், உங்களுள் ஒரு சாரார் மைல்களில் விடை கூறுவீர்கள். மற்றொரு சாரார் மணித்தியாலங்களில் கூறுவீர்கள். வயது முதிர்ந்தோர் சிலர், "இரண்டு இராப் பயணம்" என்று சொல்லவும் கூடும். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அவ்விடத்தில் இருப்பாராயின், "எந்த ஆண்டிலே கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். அவருடைய கேள்வியே இன்றைய பேச்சுக்கு அடிப்படை.

முதலில் நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். தேசப்படம் ஒன்றை எடுத்து, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை என்று குறித்த கோட்டின்மேல் விரலை வைத்துத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துங்கள். கொழும்பு அக்கோட்டுக்குச் சற்றே மேற்கே நிற்கும். யாழ்ப்பாணம் அக்கோட்டின்மேலேயே கிடக்கும். சென்னை அதற்குச் சற்றுக் கிழக்கே அமையும். மூன்று நகரங்களும் ஒரு நூலிற் கோத்தவை போல ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதனால், இவற்றிடையேயுள்ள தூரத்தைக் காண்பதற்குப் பெருங்கணிதம் வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளையின் கழித்தற் கணக்கே போதும். பாகையொன்றை அறுபது கலைகளாகப் பிரிப்பர் என்பதை அறிவீர்கள். வடக்குத் தெற்காகச் செல்பவனுக்கு ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். மாலுமிகள் தம் மைலை வகுத்துக்கொண்ட முறையே அதுதான். கட்டுநாயக்க விமான நிலையம் வட அகலக்கோடு 7 பாகை 11 கலையில் உள்ளது. சென்னையின் மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் உள்ளது. ஒன்றை மற்றொன்றிற் கழித்தால் 5 பாகை 48 கலை. அதாவது 348 கலை. ஆகவே தூரம் 348 கடல் மைல். சாதாரண மைலிற் சொன்னால் ஏறத்தாழ 400. கிலோமீற்றரிற் சொன்னால் 645.

இத்தகைய எளிமை எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. தோக்கியோவும் தெகரானும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில், 35 பாகைக்கும் 36 பாகைக்கும் இடையே உள்ளன. படத்தைப் பார்ப்பவன், அவற்றிடையே மேற்கு நோக்கி நேராகப் பறத்தலே குறுக்கு வழி என்று எண்ணுவான். ஆனாற் பூமி உருண்டையாதலின், மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து, நடுவழியில் 45ஆம் பாகைவரை ஏறி, மொங்கோலியாவைத் தொட்டு இறங்கும். கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே அத்தகைய வளைவு இல்லை. படத்திற் கோடு எங்கே செல்கிறதோ அங்கேதான் உண்மையான குறுக்கு வழியும் செல்கிறது. வில்பத்துக் காட்டின்மேலாக வடக்கே போய், மன்னார்த் தீவை இடப்புறம் விட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடந்து, பாக்கு நீரிணையின் அப்பால் கோடிக்கரை, நாகபட்டினம், காரைக்கால், புதுச்சேரி என்னும் கரையோரத்தை இடக்கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு சென்னையை அடைகிறது அந்தக் கோடு.

ஆயின் மனிதன் இந்த நேர்கோட்டிற் பயணஞ் செய்யத் தொடங்கி இன்னும் ஒரு நூற்றாண்டு நிறையவில்லை. அதற்கு முன்னும், விந்தையாக அதற்குப் பின்னும், மக்கள் சென்ற வழி வேறு.

பாய்மரக் காலத்திலே தூரத்தை அளந்தது காற்று. வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் தோணி வைத்திருந்தோர்க்கு நாகபட்டினம் அயற்கிராமம் போன்றது. வடக்கே செல்வார்க்குச் சோளகக் காற்றுத் துணை. தெற்கே மீள்வார்க்கு வாடை துணை. காற்று வாய்த்தால் ஓர் இரவிலே கரை சேர்ந்தோர் உண்டு. காற்று மாறும் இடைக்காலத்திற் கரையிலே காத்திருத்தலும் பயணத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. இத்தனை மணிக்குப் புறப்படும், இத்தனை மணிக்குச் சேரும் என்று அச்சடித்த நேர அட்டவணையைக் கொணர்ந்தது நீராவி. 1876ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை புகையிரதப் பாதை நிறைவெய்தியது. தூத்துக்குடியிலே கப்பலேறினால் மறுநாட் காலையிற் கொழும்பு.

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் தேதி புதிய வழியொன்று திறக்கப்பட்டது. பாம்பன் பாலத்தின்மீது புகையிரதம் சென்று தனுஷ்கோடியை அடைந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி ஏறத்தாழ 20 மைல். தலைமன்னார் இறங்குதுறையிலே கொழும்புக்குரிய புகையிரதம் காத்து நின்றது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று இந்தியாவின் அரசப் பிரதிநிதிகளுடைய பெயர்களைத் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் முதலிற் சேவையில் அமர்ந்தன. 'போட் மெயில்' என்று வழங்கிய அந்தப் பயணத்தைச் செய்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். மாலையிற் சென்னை எழும்பூரிலே ஏறினால் இரவு முழுவதும் சோழ நாட்டினூடே ஓட்டம், மறுநாட் பகலிற் பாம்பன், பிற்பகலிலே கப்பல், அந்தி சாயும்போது தலைமன்னார், மீண்டும் ஓர் இரவு முழுவதும் வன்னிக் காட்டினூடே ஓட்டம், இரண்டாம் நாட் காலையிற் கோட்டைப் புகையிரத நிலையம். நேர்கோட்டில் 645 கிலோமீற்றராயுள்ள தூரத்துக்கு அவர்கள் 1,000 கிலோமீற்றருக்கு மேற் சென்றார்கள். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் வேறோர் இடத்தில் இதனை மீண்டும் சந்திப்போம்.

அந்த வழியிற் சென்றோர் எல்லோர்க்கும் பயண நேரம் ஒன்றாயிருந்ததா? இல்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே நோய்த் தடுப்புக் காவலின் பேரில் நாட்கணக்காகத் தங்கவைக்கப்பட்டனர். முதல் வகுப்புப் பிரயாணி அதே ஊரைச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டு கடந்து போனார். அதற்கும் முற்பட்ட கோப்பிக் காலத்திலோ, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. ஒழுங்கான வீதியும் தங்குமிடமும் உணவும் இருந்த இக்காலத்திலும், அது முடிவதற்கு இரு வாரங்களுக்கு மேலாயின. அக்காலத்தில் பசியோடும் குழந்தைகளோடும் நடந்தவர்களுக்கு எத்தனை நாட்கள் ஆயின என்பதை எந்த அட்டவணையும் குறித்து வைக்கவில்லை.

இனி வானத்துக்கு வருவோம்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் ஒற்றை இயந்திரமுடைய சிறிய 'பஸ் மொத்' விமானத்திலே கராச்சியிலிருந்து தபாற் பொதிகளை ஏற்றி, அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அப்பொதிகளைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். இரவிற் பறப்பதற்கு வசதியில்லாத காலமாதலின், பெல்லாரியில் ஓர் இரவு தங்கவேண்டியதாயிற்று. இவ்வாறு சென்னை ஆகாயத் தபாலோடு இணைந்தபோது, கொழும்பிலே விமானம் இறங்குதற்கேற்ற நிலையம் ஒன்றேனும் இல்லை. நகருக்குத் தெற்கே எட்டொன்பது மைல் தொலைவிலுள்ள இரத்மலானையிலே காடு வெட்டிச் சமன் செய்யப்பட்டு, 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி முதல் விமானம் வந்திறங்கியது. அதுவும் ஒரு 'பஸ் மொத்' விமானமே. ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகிய டின்டேல் பிஸ்கோ. இலங்கையின் முதல் விமான நிலையத்தில் முதன்முதல் இறங்கிய விமானம் வேறெங்கிருந்தும் வராமற் சென்னைக் கழகத்தாரின் கையால் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. இலண்டன் மாநகரை நோக்கிக் கண் வைத்திருந்த காலத்திலே, நமது முதல் வான்வழித் தொடர்பு அயல்வீட்டாரோடுதான் உண்டாயிற்று.

1938ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் தேதி, டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாக இரத்மலானையை அடைந்தது. கடிதங்கள்தாம் முதலில் வேகமாகப் பயணஞ் செய்தன; மனிதர் பின்னரே சென்றனர். கப்பற் தபாலிலே வாரக்கணக்காக வழி பார்த்திருந்த வணிகர்க்கும், அக்கரையிற் பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்த பெற்றோர்க்கும் இது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போரின் தேவைக்காகப் பிரித்தானிய விமானப் படையினர் காங்கேசன்துறைக்கு அணித்தாகப் பலாலியில் ஒரு விமானத் தளத்தை அமைத்தனர். போர் முடிந்தபின், படைக்கென்று அமைந்த அத்தளம் பயணிகளுக்கும் உதவுவதாயிற்று. போரிலே பொருள் சுமந்த 'டக்கோட்டா' விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அக்காலத்தில் போக்குவரத்து அமைச்சராயிருந்த சர் ஜோன் கொத்தலாவலை அவர்களின் ஊக்கத்தால் 'எயார் சிலோன்' என்னும் தேசிய விமான சேவை உருவாகியது. அதன் விமானங்களுக்குச் சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி என்று பெயர் சூட்டினர். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, சீதா தேவி இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, மீண்டும் எழுந்து சென்னையை அடைந்தது. எயார் சிலோனின் முதற் பயணம் அது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு அப்போது இரு மாதங்களும் நிறையவில்லை. இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கடல் கடந்த அவ்விமானத்துக்குச் சீதையின் பெயரை வைத்தவர், இராமாயணத்தை நன்கு எண்ணிப் பார்த்தே வைத்தார் போலும்! அன்று சீதை வந்த வழியை இன்று சீதை திரும்பிப் போனாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

டக்கோட்டா எத்தகைய விமானம்? இரண்டு சுழலி இயந்திரங்கள்; இருபத்தைந்துக்கு முன்பின்னாகப் பயணிகள்; மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 170 மைல் வேகம். உள்ளே காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் வசதி இல்லாமையால் அது மிக உயரப் பறக்க இயலாது. மழைமேகங்களுக்கு மேலே செல்லாமல் அவற்றினூடேதான் செல்ல வேண்டும். மாரிகாலத்திலே அது மாட்டு வண்டியைப் போலக் குலுங்கிற்று என்பர். என் உறவினராகிய முதியவர் ஒருவரிடம் அப்பயணத்தைப் பற்றிக் கேட்டேன். வேகமும் உயரமும் அவர் நினைவில் இல்லை. காதுக்குப் பஞ்சும் வாய்க்கு இனிப்பும் தந்தார்கள், கடல் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது என்பவற்றையே சொன்னார். நாம் கணக்கைப் பார்ப்போம். இரத்மலானையிலிருந்து பலாலி 178 கடல் மைல், அதாவது 205 சாதாரண மைல்; டக்கோட்டாவுக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பலாலியிலிருந்து சென்னை 192 கடல் மைல், 221 சாதாரண மைல். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இடையில் அரை மணித்தியாலம் தங்கினாலும் மொத்தம் மூன்று மணித்தியாலம். இரண்டு இரவும் ஒரு பகலுமாயிருந்த பயணம் ஒரு முற்பகலுக்குள் அடங்கிவிட்டது.

இந்த எண்களிலே மற்றொரு செய்தியும் உண்டு. பலாலி இவ்வழியின் நடுவிலே, வழியை விட்டு அதிகம் விலகாமல் நிற்கிறது. அங்கே இறங்கிச் செல்வதனால் விமானம் கூடுதலாகப் பறக்க வேண்டிய தூரம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து மக்களுக்கோ கொழும்பைவிடச் சென்னைக்குப் போவதற்கு ஒரு சில நிமிடங்களே கூடுதல். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கலியாணச் சேலைக்கும் சிதம்பர தரிசனத்துக்கும் அவர்கள் வடக்கு நோக்கிச் சென்றதில் வியப்பில்லை.

வானம் இவ்வாறு குறுகிக்கொண்டிருந்தபோதே, தரையிலே தூரம் வேறொரு வகையில் நீளத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டிலே குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தது. அதுவரை பயணச்சீட்டே போதுமாயிருந்த வழிக்குக் கடவுச்சீட்டும் அனுமதியும் தேவையாயின. அதே ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று வகுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவிலே எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் கடலுள் மூழ்கியது. அதிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அந்தக் கப்பலிலேதான், மலைநாட்டிலே பிறந்து இந்தியாவை ஒருநாளும் கண்டிராத குடும்பங்கள் ஆயிரமாயிரமாகச் சென்றன. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிற் சாளரத்துக்கு உள்ளும் புறமும் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதவர்களுக்கு, தூரம் எத்தனை மைல் என்பது ஒரு பொருட்டன்று. அவர்களிடம் திரும்பி வருவதற்குரிய சீட்டு இல்லை. பாட்டனும் பாட்டியும் காவலில் இருந்த மண்டபம் முகாமே பேரப்பிள்ளைகளை இறக்கி வைத்த இடைத்தங்கல் முகாமாகவும் அமைந்தது. 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் படகேறிச் சென்ற அகதிகளைத் தாங்கியதும் அதே மண்டபந்தான். கப்பற் சேவை 1984இல் நின்றுபோயிற்று.

மீண்டும் விமானத்துக்கு வருவோம். 1960களிற் சுழலித்தாரை விமானங்களும், 1969இல் 'டிரைடன்ட்' என்னும் தாரை விமானமும் எயார் சிலோனுக்கு வந்தன. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே கொழும்பின் சர்வதேச விமான நிலையம் இரத்மலானையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு மாறியது. தாரை விமானம் மணித்தியாலத்துக்கு 500 மைல் செல்ல வல்லது. ஆனாற் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே அது தன் முழு வேகத்தை எய்திச் சிறிது நேரம் செல்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆதலின் இன்றும் அட்டவணையிலே ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் அளவில் குறிக்கிறார்கள். டக்கோட்டா எங்கும் இறங்காமற் பறந்திருந்தால் இரண்டரை மணித்தியாலம் ஆகியிருக்கும். முக்காற் நூற்றாண்டு முன்னேற்றத்தாற் கிடைத்த இலாபம், ஆக ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களுமே. அதற்கு ஈடாக, கொழும்பிலிருந்து எட்டொன்பது மைலிற் கிடந்த நிலையம் இருபது மைலுக்கு அப்பாற் போயிற்று. புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக வந்து வரிசையில் நிற்கவும் வேண்டும். வானிலே மிஞ்சியதைத் தரையிலே செலவிட்டு விட்டோம் என்று கணக்குப் பார்ப்பவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

நேரத்தைப் பற்றிய பேச்சு வந்தமையால் ஒரு வேடிக்கையையும் சொல்லி விடுகிறேன். 1906ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையும் இந்தியாவும் பெரும்பாலும் ஒரே நியம நேரத்தையே பின்பற்றி வந்தன. 1996ஆம் ஆண்டிலே மழை பொய்த்து மின்சாரம் குறைந்தபோது, பகலொளியை மிச்சப்படுத்தும் பொருட்டு இலங்கையிற் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. சில மாதங்களின் பின் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியிலேதான் பழைய நேரம் மீண்டது. அந்தப் பத்தாண்டளவும், கொழும்பில் 10 மணிக்கு ஏறியவர் சென்னைக் கடிகாரத்தின்படி 10 மணி 50 நிமிடத்துக்கு இறங்கினார். திரும்பி வரும்போது அதே வழிக்கு ஒரு மணித்தியாலம் 50 நிமிடம் சென்றதாகக் கடிகாரம் காட்டிற்று. வடக்கே போவது கிட்டவும் தெற்கே வருவது எட்டவும் ஆயின! ஒரே நெடுங்கோட்டின்மேல் நிற்கும் இரு நகரங்களுக்கு நேர்ந்த இந்த விநோதத்தை ஞாயிறு அறியாது.

இனி யாழ்ப்பாணத்தவரின் கேள்விக்கு வருகிறேன்.

1970களின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டதோடு, பலாலியிலிருந்து சென்னைக்கு நேரே செல்லும் சேவையும் முடிவுற்றது. பின்னர் வந்த போர்க்காலத்திற் பலாலி மீண்டும் படைத் தளமாகவே ஆயிற்று. 1990ஆம் ஆண்டிலே யாழ்தேவி நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். சென்னைக்குப் போக வேண்டிய ஒருவர், முதலிற் கொழும்புக்குப் போதல் வேண்டும். 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டவர் கிளாலிக் கடனீரேரியைப் படகேறி இருளிலே கடந்தனர். அக்கடப்பிலே உயிர் நீத்தோரும் உண்டு. அப்பால் வன்னியின் குழி விழுந்த வீதிகள், வவுனியாவிற் சோதனை, அனுமதிச் சீட்டுக்குக் காத்திருத்தல், அதன்பின் கொழும்பு, அங்கே விடுதியில் நாட்கள், அதன்பின் கட்டுநாயக்க. பிற்காலத்திற் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு உள்ளூர் விமானங்கள் பறந்தன. அவற்றுள் ஒன்று 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி இரணைதீவுக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது; அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

தூரத்தை மட்டும் கூட்டிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வீதி வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கிருந்து வான்வழியாகச் சென்னைக்கு 645. மொத்தம் 1,000 கிலோமீற்றருக்கு மேல். 1914இல் கொழும்புப் பிரயாணி சென்னைக்குச் சென்ற சுற்றுவழியின் நீளத்தை முன்னரே கூறினேன் அல்லவா? அதே எண், அரை நூற்றாண்டுக்கும் மேலான விமான யுகத்தின் பின்னர், பலாலியிலிருந்து 355 கிலோமீற்றரே தொலைவிலிருந்த ஒருவரின் கணக்கில் வந்து நின்றது. நாட்களைக் கூட்டினாலோ, போட் மெயிலின் இரண்டு இரவும் ஒரு பகலும் அவருக்கு ஆடம்பரமாகவே தோன்றியிருக்கும்.

இன்னொன்றையும் கருதிப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வரைந்த நேர்கோடு, 156 கடல் மைல் சென்றதும் பலாலிக்கு மேற்கே நாலைந்து மைலுக்குள்ளாகக் கடக்கிறது. விமானம் எழுந்து அரை மணித்தியாலம் அளவில் அந்த இடம் வந்துவிடும். இத்தனை இடரும் பட்டுக் கொழும்பை அடைந்து, கடைசியில் விமானமேறிச் சாளரத்தருகே அமர்ந்த யாழ்ப்பாணத்தவர், மேகம் இல்லாத நாளிலே கீழே நோக்கினால், தாம் பல நாட்களுக்கு முன் விட்டுப் புறப்பட்ட ஊரையே காண்பார். சிவந்த மண்ணும் பனங்கூடலும் நீரேரியும் சில நிமிடங்கள் கீழே தோன்றி மறையும். பயணத்தின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மெய்யான பயணத்தை அவர் தொடங்குகிறார்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் தேதி சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கியது. சில மாதங்களிலே கொரோனாத் தொற்றினால் அது நின்றது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி மீண்டும் தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் விடப்பட்டது. சில நாட்களிலே காற்றும் மழையும் வர நின்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மீண்டும் ஓடியது. பாய்மரத் தோணிகளின் பழைய வழியிலே, இயந்திரக் கப்பலும் வாடைக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து பலாலிக்கு வந்தவை எழுபது எண்பது பேரை ஏற்றும் சுழலி விமானங்கள். அவை எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவு. அதாவது, 1947இல் சீதா தேவிக்கு அத்துண்டுக்குச் சென்ற நேரத்தோடு ஏறக்குறைய ஒன்று. வந்த விமானம் அன்றைப் போலத் தெற்கே கொழும்புக்குத் தொடர்ந்து போகாமல், வந்த வழியே சென்னைக்குத் திரும்பிச் சென்றது. 2019ஆம் ஆண்டு அது முதன்முதல் வந்திறங்கிய நாளில், ஓடுபாதையைச் சூழ்ந்த காணிகளிலிருந்து 1990இல் வெளியேறியவர்களுட் சிலர் இன்னும் தங்கள் வளவுகளுக்குத் திரும்பியிருக்கவில்லை.